தாளுக்கு வெளியே கிடந்த குழாய்கள்

மார்லிஸ் கிவெலாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு இருபது வருஷம் பிடித்திருக்கிறது. இப்போது சொல்லிவிடுகிறேன். விட்டால் அவளே வந்து கேட்டு வாங்குவாள்.

வடக்கு மினசோட்டாவில், முன்பு பல் டாக்டர் இருந்த கட்டடத்தில், ஒன்பது பேர் வேலை பார்க்கிற கம்பெனி எங்களுடையது. சின்ன ஊர்களின் குடிநீர் இலாகாக்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எந்தத் தெருவில் எந்தக் குழாய், எங்கே வால்வு என்று அவர்கள் திரையில் படமாகப் போட்டு வைத்துக்கொள்வார்கள். கடையில் கிடைக்கிற ஒரு படம் வரையும் கருவியை வாங்கி, எங்கள் மென்பொருளுக்குள் பொருத்தி அந்தத் திரையை உண்டாக்கியவள் மார்லிஸ்தான். பதினோரு வருஷம் ஆகிறது. இன்னமும் அதை 'என் திரை' என்றுதான் சொல்வாள்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள். முப்பத்தி நாலு வயதில் கல்லூரியில் சேர்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு நேரம் குறிப்பவள் அவள்தான். அந்த ஸ்டாப்வாட்ச் வாரம் முழுக்க கழுத்திலேயே தொங்கும். மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் அதை ஒரு அமுக்கு அமுக்குவாள். அத்தனை திமிர்!

போன மார்ச்சில் டேமரக் ஊர் குடிநீர் இலாகாவிலிருந்து ரூடி ஸ்கூபிட்ஸ் போன் பண்ணினார். "ஒரு வால்வை நகர்த்திட்டு, போய் காபி போட்டு எடுத்துட்டு வர்றேன். வந்து பார்த்தா இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. ஏப்ரல்ல தெருத்தெருவா குழாய் கழுவணும். இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிச் செய்யறது?"

எங்கள் முதலாளி கோர்டி எல்லோரையும் கூப்பிட்டார். நான் முந்திக்கொண்டேன். "பழசைத் தூக்கிட்டுப் புதுசு போட்டுடலாம். நான் எழுதி ரெடியா வெச்சிருக்கேன்."

"அப்ப மார்லிஸ் போன் எடுக்கிற வேலையைப் பார்க்கலாம்" என்றார் கோர்டி, ஏதோ நல்லது செய்கிறவர் மாதிரி.

மார்லிஸ் ஸ்டாப்வாட்சை அமுக்கவில்லை. "திரை போச்சுன்னா நானும் போறேன் கோர்டி. பஸ் டிப்போவுல இன்னும் ஆள் தேடறாங்க." மிரட்டல் இல்லை அது. காலையிலேயே டிப்போவுக்கு போன் போட்டு விசாரித்திருந்தாள். வியாழக்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்று கோர்டி இறங்கி வந்தார்.

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினாள். "ரே, பந்தயம். தப்பு என் திரையில இருந்தா உன் ஸௌனாவிலேருந்து நேரா ஏரி ஓட்டைக்குள்ள நான் குதிக்கிறேன். இல்லேன்னா நீ."

"குளிரும் தாயே, யோசிச்சுக்கோ" என்றேன். ஸௌனா என்பது என் ஏரிக்கரையில் இருக்கிற சூட்டுக் குளியல் அறை; ஓட்டை, உறைந்த ஏரியில் நான் வெட்டி வைத்தது. எனக்கு ஒரே குஷி.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். ரூடியின் கம்ப்யூட்டருக்கு நினைவகம் கூட்டச் சொன்னாள். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்க்கச் சொன்னாள். ஒரு மண்ணும் ஆகவில்லை. எங்கள் ஆபீஸில் ஐந்நூறு வால்வு போட்ட மாதிரிப் படம் கண்ணை மூடித் திறப்பதற்குள் நகர்ந்தது. ரூடியிடம் இருந்ததோ நூற்று நாற்பது வால்வு. குடிநீர்ப் படத்தை ஊரைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது என்பது டேமரக் சட்டம். அதனால் புதன்கிழமை நேரிலேயே கிளம்பினாள். அவள் தோற்பதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

அங்கே போய் அவள் மவுஸைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "நாங்க இங்க இல்லேன்னு நினைச்சுக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க ரூடி."

மூன்றாம் தெருவில் அந்த வாரம் ஒரு பழைய வால்வை மாற்றியிருந்தார்கள். ரூடி படத்தில் அந்தப் பழைய வால்வைப் பிடித்தார். இடது பக்கமாக இழுத்தார். படம் போடுகிற வெள்ளைப் பரப்பைத் தாள் என்போம்; அந்தத் தாளின் ஓரத்தில் இருந்த சாம்பல் பட்டையையும் தாண்டித் தள்ளினார். வால்வு மறைந்தது. திரை உறைந்தது. ஸ்டாப்வாட்சில் நாலு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி.

"அது எங்க போச்சு?" என்றாள் மார்லிஸ்.

"வெளியே."

"அழிச்சிட வேண்டியதுதானே?" என்றேன் நான்.

அவர் வீட்டுத் தரையில் நான் துப்பிவிட்ட மாதிரி ரூடி என்னைப் பார்த்தார். "அது மண்ணுக்குள்ள இன்னும் கிடக்குதே தம்பி! பழசை எவன் தோண்டி எடுக்கிறான்? மூடிட்டுப் பக்கத்துல புதுசைப் போடுவோம். கிடக்கிற சாமானை இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

மார்லிஸ் அப்போதுதான் மவுஸை வாங்கி எண்ணிப் பார்த்தாள். தாளில் தெரிந்தது நூற்று நாற்பது. மொத்தம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று! படத்தைச் சின்னதாக்கி வெளியே என்ன இருக்கிறதென்று பார்க்கப் போனாள். முடியவில்லை. தாள் மட்டுமே தெரியும்படி யாரோ பூட்டு போட்டிருந்தார்கள்.

"இந்தப் பூட்டைப் போட்டது யாரு ரே?"

நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று. என் காது சூடாகிவிட்டது.

பூட்டைக் கழற்றியதும் தாளுக்கு இடது பக்கம் ஒரு குவியல் தெரிந்தது. ஊரின் அறுபது எழுபது வருஷக் குழாயும் வால்வும் ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றிலிருந்தும் புறப்பட்ட இணைப்புக் கோடு இன்னும் ஊரில் தன் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு வால்வு அசைந்தால் போதும், அத்தனை கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று மோதாமல் போக வழி தேடிக் கிளம்பிவிடும். கருவி பாவம், என்ன செய்யும்?

"எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டா சரியாயிடும்" என்றேன். ரூடி மவுஸைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"ஜனவரியில பள்ளிக்கூட வாசல்ல தண்ணி பீறிட்டுது. அறுபத்தி ஒண்ணுலயே மூடின குழாய். பழைய காகிதப் படத்தைப் பார்த்து நான் ஏத்தி வெச்சது. தேடல் பெட்டியில நம்பரைப் போட்டேன், இங்கதான் இருந்துச்சு. ஒரு மணி நேரத்துல அடைச்சோம். இதை வழிக்கணுமா?"

"ஒண்ணையும் தொட மாட்டோம் ரூடி" என்றாள் மார்லிஸ். "அதுங்களுக்குன்னு ஒரு இடம் போட்டுத் தர்றேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். படத்துக்கு இரண்டாவதாக ஒரு தாள் சேர்த்தாள். 'மண்ணுக்குள்ளே' என்று பெயர் வைத்தாள். பழையதை எல்லாம் அவை கிடக்கும் தெருவிலேயே அந்தத் தாளில் வைத்து, கோடுகளை அப்படியே நிறுத்திவிட்டாள். தேடினால் கிடைக்கும், ஆனால் வழி தேடி அலையாது. ரூடியின் மனைவி கொடுத்தனுப்பிய வால்நட் ரொட்டியில் பாதியை அதற்குள் நான் வெட்கமில்லாமல் தின்று முடித்திருந்தேன்.

"இப்ப நகர்த்துங்க."

நகர்த்தினார். ஸ்டாப்வாட்சை அமுக்கி விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. ரூடி திரும்ப நகர்த்தினார். அப்புறம் ஒரு தீயணைப்புக் குழாயைப் பிடித்து ஊர் பூராவும் சுற்றிக் காட்டினார், சிரிப்பு தாங்காமல். கடைசியில் இரண்டாவது தாளைத் திறந்தார். பதினோரு வருஷமாக ஒவ்வொன்றாக அவர் ஒதுக்கி வைத்ததெல்லாம் தெருத்தெருவாக விரிந்து கிடந்தது. மனுஷன் தொப்பியைக் கழற்றினார்.

"அடேயப்பா, எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா?" என்றார். மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் மொத்தமும் என் ஏரிக்கரையில் கூடிவிட்டது. ரூடியும் இன்னொரு ரொட்டியோடு வந்திருந்தார். ஸௌனாவிலிருந்து ஓடி, பனிக்கட்டியில் வெட்டிய ஓட்டைக்குள் குதித்தேன். அலறல் அடுத்த மாவட்டம் வரை கேட்டிருக்கும். ஏணியைப் பிடித்துப் பல்லைக் கிட்டித்துக்கொண்டு மேலே வந்தபோது மார்லிஸ் ஸ்டாப்வாட்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது விநாடி! ரொம்ப ஸ்லோவா இருக்கியே ரே" என்றாள். "உன்னைத் தூக்கிட்டுப் புதுசு போட்டுடலாமா?"

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் கோர்டிதான். மார்லிஸ் துண்டை என் தலையில் போட்டு, பஸ் டிப்போவுக்கு போன் பண்ணி வேண்டாமென்று சொல்லிவிட்டதாகக் காதோடு சொன்னாள். நடுங்கிக்கொண்டே அவளைக் கட்டிப்பிடித்து முழுசாக நனைத்துவிட்டேன்.