கடல்கதவு

இன்று கோயிலுக்குப் போய்வந்த செருப்பில் ஒட்டியிருந்த இலுப்பைப் பழத்தின் புளித்த மணம், இலுப்பைக்கடவையில் இப்போது இல்லாத எங்கள் வீட்டுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. அங்கே இரண்டு கதவுகள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கியதும் சோற்றில் மணல் விழாமலிருக்க அம்மா மேற்கே கடல்கதவைச் சாத்திவிடுவார், பிறகு வாடைக் காற்று வரும்வரை கிழக்குக் கதவால் தெரியும் இலுப்பை மரமும், வௌவால் கடித்துப்போட்ட பழங்களும், காய்ந்த வயலும்தான் எங்களுக்கு உலகம். நானோ சாத்திய கதவில் காதை வைத்து, பார்க்க ஆளில்லாத கடல் அந்தப் பக்கம் என்னதான் செய்துகொண்டிருக்குமென்று யோசிப்பேன்.

சண்டைக்குத் தப்பி இந்தியா போய்த் திரும்பியபோது மரம் நின்றது, வீடு இல்லை. அந்த வெறும் நிலத்தில் அம்மா கதிரையைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனம்மா, கடலைப் பாக்க மாட்டீங்களோ?"

"சோளகம் அடிக்குதெல்லோ பிள்ளை, அந்தக் கதவு சாத்திக் கிடக்கு."