இளவரசியின் ஏப்ரன் மெல்போர்ன் போன கதை

எங்கள் மாடி வீட்டு இளவரசிக்கு வாய் ஓயாது. டெல்லி ஜனக்புரியில் அவள் வீட்டுப் பின்னறையில் ஆறு தையல் மெஷின்கள் ஓடும். அந்தச் சத்தத்தையும் மீறி அவள் குரல் கீழ்வீட்டில் எனக்குக் கேட்கும். சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன்களைத் தைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறாள். மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போகும். அங்கே, "இம்போர்ட்டட் துணி, பெஹன்ஜி" என்று கூசாமல் சொல்லி ஆள் வைத்து விற்பாள். அப்படிச் சொல்லாவிட்டால் அந்த மார்க்கெட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அவளுக்கிருந்த ஒரே வெளிநாட்டு வாடிக்கை மெல்போர்ன் கடைக்காரர் ஒருவர். இனி பங்களாதேஷில் வாங்கிக்கொள்வதாக அவர் திடீரென்று எழுதிவிட்டார். அங்கிருந்து வரும் துணிமணிக்கு அவர் நாட்டில் இறக்குமதி வரி இல்லை. நம்முடையதற்கு ஐந்து சதவீதம். அந்த ஐந்தை விலையில் குறைத்தால் இளவரசிக்கு ஒன்றும் தேறாது. ஆறு மெஷினையும் மூடவேண்டியதுதான் என்று அவள் அழுதாள்.

அந்த நேரம் பார்த்து இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. நம் துணிமணிக்கும் வரி பூஜ்யம். ஆனால் சரக்கு இந்தியாவில் உருவானது என்று சான்றிதழ் வேண்டும். அதோடு அனுப்பினால் வாங்குகிறேன் என்றார் கடைக்காரர். சான்றிதழ் வருமுன்பே இளவரசி தெரு முழுக்க ஜிலேபி கொடுத்துவிட்டாள்.

சரிபார்க்க அர்விந்த் என்ற இளம் அதிகாரி வந்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். துணி எங்கே வாங்கியது என்று தையல்காரி செல்லம்மாளிடம் ஹிந்தியில் கேட்டார். ஞாயிறுதோறும் சரோஜினி நகரில் கூவி விற்பவள் அவள்தான். பழக்கதோஷம்.

"ஸப் இம்போர்ட்டட் ஹை, சாப்" என்றாள் பெருமையாக, எல்லாமே வெளிநாட்டுத் துணிதான் என்று.

அர்விந்தின் முகம் மாறியது. அப்படியானால் சான்றிதழ் கிடைப்பது கஷ்டம் என்றார். வேடிக்கை பார்க்கப் படியேறிய நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அது யாவாரத்துக்குச் சொல்ற பொய்யிங்க சார். துணி எங்கூருதுங்க, ஈரோடு" என்றாள் இளவரசி.

செல்லம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்கதானேக்கா அப்படிச் சொல்லச் சொன்னீங்க?"

இளவரசி ஒரு முழுச் சுருளைத் தூக்கித் தரையில் உருட்டிவிட்டாள். துணி கூடத்தைத் தாண்டி மாடிப்படிவரை ஓடியது. ஓரத்தில் மில் முத்திரை, தமிழில். அர்விந்துக்குத் தமிழ் பேச வரும், படிக்கத்தான் தகராறு. மண்டியிட்டு, விரல் வைத்து, "ஈ... ரோ... டு" என்று அவர் எழுத்துக்கூட்டி முடித்ததும் தையல்காரிகள் கைதட்டினார்கள். மில் ரசீதுகளும் ஒத்துப்போயின. அவரும் சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினார்.

சரக்கு சான்றிதழோடு, வரியில்லாமல் மெல்போர்னில் இறங்கியது. அடுத்த முறை இரண்டு பங்கு வேண்டும் என்று கடைக்காரர் எழுதினார். இளவரசி குதித்த குதியில் என் வீட்டு ஃபேன் ஆடியது. திட்டலாமென்று மேலே போனேன். இன்னும் ஆறு மெஷினை எங்கே போடுவது என்று அவள் கூடத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அவள் கணவர் ஐயப்பன் சோபாவில் மகாராஜாவாகப் படுத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை அணைத்துவிட்டு எழுந்தார். சோபாவின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.