ஏகாதசி அன்று நிறைந்த மண்டபம்

ஜஹானாரா அக்காவின் மெஸ்ஸில் தினமும் காலை இட்லி தீர்கிற நேரத்தில் ஒரு தேர்தல் நடக்கும்.

"ராத்திரிக்குச் சப்பாத்தியா, தோசையா? கையத் தூக்குங்க" என்று கரண்டியை உயர்த்திக் கேட்பார் அக்கா. பொறியியல் கல்லூரி மாணவர்கள், லேத் பட்டறை ஆட்கள், பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் நான் என்று எல்லோரும் தூக்குவோம். தோற்ற கட்சி முணுமுணுத்துக்கொண்டே ராத்திரி சாப்பிடும். முதல் நாள் வந்தவருக்கும் கை உண்டு. "நேத்து வந்த பயலுக்கு என்னக்கா ஓட்டு?" என்று பட்டறை மருதை ஒருமுறை மல்லுக்கு நின்றார். "சாப்பிடப் போறது அவனும்தானேப்பா" என்றதோடு அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

அக்கா பிறந்தது திருச்சி பாலக்கரையில். வெல்டர் நஸ்ருல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டு, துவாக்குடி போகும் வழியில் இருக்கும் இந்தக் கல்மேட்டூருக்கு வந்தார். வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கணவருக்குக் கட்டிய சோற்றைப் பார்த்துப் பட்டறையில் இன்னும் இரண்டு பேர் கேட்க, பிறகு நாலு பேர் கேட்க, வீட்டு முன்னறை மெஸ்ஸாகிவிட்டது. பிள்ளைகள் இங்கேதான் பிறந்து இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆதார், ரேஷன், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் கல்மேட்டூர்தான்.

வீடு மட்டும் ரெங்கராஜுடையது. வரிசையாக ஓடு போட்ட எட்டு வீடுகள், லைன் வீடுகள் என்பார்கள். ரெங்கராஜ் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். மாதம் ஒருமுறை ஸ்கூட்டரில் வந்து வாடகை வாங்கி, அக்காவின் கையால் ஒரு டீ குடித்து, "என்னம்மா, சாக்கடை இன்னும் நிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கெட்டவர் இல்லை. ஆனால் சாக்கடை நின்றுகொண்டுதான் இருந்தது. புதுச் சாக்கடை வாய்க்கால் மெயின் தெரு வரைக்கும் வந்து, லைன் வீடுகளுக்கு முன்னால் நின்றுபோனது. முடிவெடுத்த கூட்டத்தில் எங்கள் வரிசைக்காகக் கேட்க ஆள் இல்லை.

பேரூராட்சியாக இருந்த கல்மேட்டூர் நகராட்சி ஆனதும், புதிய சேர்மன் பானுப்ரியா ஊருக்கு ஒரு நகர சாசனம் வேண்டும் என்றார். நகராட்சி எப்படி நடக்க வேண்டும், மக்கள் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பகுதியிலும் சபை கூடும். அந்தச் சபை எந்த வேலை முதலில் வேண்டும் என்கிறதோ, அதைத்தான் நகராட்சி முதலில் எடுக்கும். வரைவை அச்சடித்துக் கடை கடையாகக் கொடுத்தார்கள். ஊரே கூடி என்ன சொல்கிறதோ அதையே மன்றத்தில் தீர்மானமாக வைப்பேன் என்று பானுப்ரியா மைக் கட்டிச் சொல்லியும் விட்டார்.

டீக்கடையில் சாசனம், பஸ் ஸ்டாப்பில் சாசனம், எங்கள் மெஸ்ஸில் சாம்பாரோடு சாசனம். ஊர் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

ஏழாவது பிரிவை நான் சத்தமாகப் படித்தபோதுதான் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். பகுதி சபையில் சொத்து வரி கட்டுவோர் மட்டுமே பேசலாம், கை தூக்கலாம்.

"அப்ப நாம?"

"வேடிக்கை பாக்கலாம்" என்றார் மருதை. "அதுக்கு வரி இல்ல."

அந்த மாத வாடகைக்கு வந்த ரெங்கராஜிடம் அக்கா நேராகவே கேட்டார். அந்தப் பிரிவை எழுதச் சொன்னதே அவர் தலைவராக இருக்கும் வீட்டு உரிமையாளர் சங்கம்தான்.

"ஏண்ணே, சாக்கடை ஓடுறது என் வாசல்ல. பேசுறது ஸ்ரீரங்கத்துல இருக்கிற நீங்களா?"

"வீடு என்னுதும்மா. நாளைக்கு நீ காலி பண்ணிட்டுப் போயிடலாம். நான் போக முடியுமா?"

"நீங்க எங்கண்ணே போறது, மொதல்ல வந்தாத்தானே?"

மெஸ் சிரித்தது. ரெங்கராஜும் சிரித்தார். ஆனால் டீ டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, "தை பொறந்தா அக்ரிமெண்ட் புதுசா போடணும், ஞாபகம் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுத்தார்.

நஸ்ருல்லா அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "உனக்கு எதுக்கு இந்த வம்பு? காலி பண்ணுன்னா இத்தனை அண்டாவையும் தூக்கிட்டு எங்க போறது?"

"அதையும் சபைல கேக்க முடியாதுங்க. அதுதான் இப்பப் பிரச்சினையே."

ஊர்க்கூட்டத்துக்குத் தேதி பார்த்துச் சொன்னவரும் ரெங்கராஜ்தான். மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். வைகுண்ட ஏகாதசி அன்று திருச்சி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பட்டறை முதலாளிகளே ஸ்ரீரங்கத்துக்குப் போய்விடுவதால் பட்டறைகளும் திறக்காது. லீவு கிடைத்தால் வாடகை ஆட்கள் சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. சொர்க்கவாசல் விடியற்காலையிலேயே திறந்துவிடும், நம் ஆட்கள் சேவித்துவிட்டுப் பதினோரு மணிக்குள் மண்டபம் வந்துவிடலாம் என்று சங்கத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு வருஷமும் இதையே சொல்லிவிட்டுப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர்கள்தான் அவர்கள்.

வாடகை ஆட்கள் ஊருக்குப் போகவில்லை. பொங்கலுக்குப் போக வேண்டுமே. நடுவில் ஒருநாள் லீவுக்கு யார் பஸ் செலவு செய்வார்கள்?

ஏகாதசி அன்று நாங்கள் போனபோது மண்டபத்தில் உட்கார நாற்காலி இல்லை. பட்டறை ஆட்கள், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், எங்கள் மெஸ் முழுவதும் என்று ஜன்னல் விளிம்பில்கூட ஆட்கள். உரிமையாளர் சங்கத்துக்கு என்று ஒதுக்கிய முன்வரிசையில் ஏழெட்டுப் பேர் கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பானுப்ரியா ஏழாவது பிரிவைப் படித்தார். "இது அப்படியே இருக்கலாமா, இல்ல ஊர்ல குடியிருக்கிற எல்லாரும்னு மாத்தணுமா? கை தூக்கலாம்."

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "யாரு கை தூக்கலாம்? வரி கட்டுறவங்க மட்டும்தானே?"

"அதத்தானேய்யா முடிவு பண்ண வந்திருக்கோம்!" என்றார் மருதை.

"முடிவு பண்றது யாருன்னு கேக்குறேன்!"

பானுப்ரியா பக்கத்தில் இருந்த நகராட்சி ஆணையரைப் பார்த்தார். ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாசனமே இன்னும் வரலைங்களே மேடம். விதி எங்கேருந்து வரும்?"

மண்டபம் கொதித்தது. ஆளாளுக்கு எழுந்து கத்தினார்கள். அப்போது சேர்மனின் செல்போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு, "ரெங்கராஜ் சார் பேசறார். எல்லாருக்கும் சொல்லணுமாம்" என்று போனை மைக்கில் வைத்தார்.

"ரங்கா! ரங்கா!" என்று ஆயிரம் தொண்டைகள் மண்டபத்துக்குள் முழங்கின. அதற்கு நடுவே ரெங்கராஜின் குரல் மூச்சு வாங்கியது. "சேர்மனம்மா! கூட்டத்தை ஒத்தி வைங்க! நான் க்யூல மாட்டிக்கிட்டேன்!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

"சிரிக்காதீங்கப்பா! வீடு நெறைய சொந்தக்காரங்க வந்து எறங்கிட்டாங்க. அவங்களக் கெளப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள இங்க இவ்ளோ கூட்டம். முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. சங்கத்து ஆளுங்க பூரா இங்கதான் நிக்கிறாங்க. நாங்க இல்லாம ஓட்டெடுத்தா அது செல்லாது, ஆமா!"

"நீங்க குறிச்ச தேதிதானே சார்?" என்றார் பானுப்ரியா.

"ரங்கா! ரங்கா!" என்றது போன்.

"கை தூக்குங்க, இப்பவே முடிச்சிடலாம்!" என்று பின்னாலிருந்து நூறு குரல்கள். எனக்கே கை பரபரத்தது. தூக்கினால் ஜெயித்துவிடுவோம். யார் எண்ணினாலும் ஜெயித்துவிடுவோம்.

ஜஹானாரா அக்கா எழுந்தார். நஸ்ருல்லா அண்ணன் அவருடைய முந்தானையைப் பிடித்து இழுத்தார். அக்கா விடுவித்துக்கொண்டு நேராக மேடைக்குப் போய், சேர்மனின் கையில் இருந்த போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அண்ணே, ஜஹானாரா பேசறேன்."

"நீயுமா அங்க இருக்கே?"

"எல்லாரும் இங்கதான் இருக்கோம். இப்பக் கை தூக்கினா முடிஞ்சுபோச்சு. ஆனா நீங்க செல்லாதும்பீங்க. கோர்ட்டுக்குப் போவீங்க. நாங்க மறுபடி வேடிக்கை பாக்கணும்."

"போவேன்தான்! பாதி ஊரு இல்லாம முடிவெடுக்கிறது நியாயமா?"

"நியாயமில்லண்ணே. இத்தனை வருஷமா கூட்டம் போட்டப்பல்லாம் நாங்கதான் அந்தப் பாதி. புதன்கிழமை பகல்ல வெச்சா நாங்க பட்டறைல நிப்போம். இன்னைக்கு நீங்க க்யூல நிக்கிறீங்க."

மண்டபம் சத்தம் அடங்கிக் கேட்டது. போனில் மட்டும் ரங்கனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"இப்ப என்னதான் சொல்ற?"

"ஒத்தி வைக்கலாம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வெச்சுக்கலாம், ரெண்டு பேருக்கும் தோதா. ஆனா அன்னைக்குக் குடியிருக்கிறவங்களும் கை தூக்கணும், வீட்டுக்காரங்களும் தூக்கணும். எண்ணிக்கை எப்படி வந்தாலும் யாரும் செல்லாதுன்னு சொல்லக் கூடாது. இதுக்கு நீங்க சரின்னா நாங்க இப்ப எழுந்து வீட்டுக்குப் போறோம்."

"அக்கா, வேணாங்க்கா!" என்று மருதை கத்தினார். "ஜெயிச்சதை விட்டுக் குடுக்காதீங்க!"

"அதெப்படிம்மா, வாடகைக்கு இருக்கிறவங்க..." என்று ரெங்கராஜ் இழுத்தார்.

"என் மெஸ்ல நேத்து வந்த பையனும்தாண்ணே கை தூக்குறான். நீங்க பாத்து சிரிச்சிருக்கீங்க."

"அது தோசைக்கும்மா!"

"இது சாக்கடைக்கு. அதுலயும் காலு வைக்கிறது நாங்கதான்."

போனுக்குள் யாரோ அதட்டினார்கள். "செல்போன் கவுண்டர் வந்துடுச்சு சார், போனைக் குடுங்க, நகருங்க, நகருங்க!" ரெங்கராஜ் பதறினார். "இருப்பா, ஒரு நிமிஷம்! ஜஹானாரா, சாயந்திரம் பேசிக்கலாமே?"

"சாயந்திரம் வரைக்கும் இவங்க கையை நான் எப்படிண்ணே புடிச்சு வெக்கிறது?"

"யோவ், தள்ளாதய்யா! சரி! சரிம்மா! ஞாயித்துக்கிழமை! எல்லாரும் தூக்கட்டும்!"

"சேர்மன் கேட்டுக்கிட்டாங்க. ஆணையர் கேட்டுக்கிட்டார்" என்றார் அக்கா. "நல்லா சேவிச்சிட்டு வாங்கண்ணே. எங்க வரிசைக்கும் சேத்து வேண்டிக்குங்க."

இணைப்பு அறுந்தது. விசில் பறந்தது. மருதை மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

அந்த நாலு நாளும் ஊரில் யாருக்கும் நிலை கொள்ளவில்லை. உரிமையாளர் சங்கம் ஆட்டோவில் மைக் கட்டி வரி கட்டுவோர் உரிமை என்று முழங்கியது. எங்கள் பக்கம் மைக் இல்லை. இட்லித் தட்டோடு ஒவ்வொருவரிடமும் அக்கா, "ஞாயித்துக்கிழமை எங்கயும் போயிடாதீங்க" என்றார். நஸ்ருல்லா அண்ணன் சொல்லாமலேயே வேறு வீடு தேடிப் பார்த்துவிட்டு வந்தார். அண்டாக்கள் கொள்கிற வீடாக எதுவும் கிடைக்கவில்லை.

ஞாயிறு மாலை மண்டபம் இரண்டு பக்கமும் நிரம்பி வழிந்தது. உரிமையாளர்கள் வேட்டியும் சட்டையுமாக வந்திருந்தார்கள். ரெங்கராஜ் நெற்றியில் பளிச்சென்று நாமம். எங்கள் வரிசைக்கு எதிரே, நாலடி தூரத்தில் நின்றார்.

"குடியிருக்கிற எல்லாரும்னு மாத்தணும்னு நினைக்கிறவங்க" என்றார் பானுப்ரியா.

ரெங்கராஜ் அக்காவையே பார்த்தார். அக்காவும் அவரைத்தான் பார்த்தார். தை பிறக்கச் சில நாட்களே இருந்தன. அக்கா கையைத் தூக்கினார், பாதியில் அல்ல, காதோடு ஒட்டி நேராக. அதன் பிறகு எங்கள் பக்கம் முழுவதும் எழுந்தது. நஸ்ருல்லா அண்ணன் கையும் எழுந்தது.

அந்தப் பக்கமும் சில கைகள் எழுந்தன. மெயின் தெருவில் சொந்த வீட்டில் இருப்பவர்கள் அவர்கள். "எங்க தெருவுல முக்காவாசி வீட்டுக்கு ஓனர் வெளியூரு. சபைன்னு வந்தா நாங்க நாலு பேருதான் கத்தணுமா?" என்றார் அதில் ஒரு அம்மாள். சங்கத்துக்காரர்கள் அவரை முறைத்தார்கள். அவர் கையை இன்னும் உயர்த்தினார்.

ரெங்கராஜே எண்ணட்டும் என்றார் அக்கா. அவர் எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். பாதிக்கு மேலே, சந்தேகத்துக்கு இடமில்லாமல் மேலே. மைக்கை வாங்கி, "மாத்தணும்னுதான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "செல்லும்" என்றார்.

ஜன்னலில் இருந்தவர்கள் உள்ளே குதித்தார்கள். யாரோ என்னைக் கட்டிக்கொண்டார்கள். மருதை அக்காவின் காலில் விழப் போய் நஸ்ருல்லா அண்ணன் மேல் விழுந்தார்.

இன்றைக்கே ஒரு கோரிக்கை கேட்டுத் தொடங்கலாம், யார் பேசுகிறீர்கள் என்று பானுப்ரியா கேட்டதும், மண்டபம் அக்காவைத் தள்ளி மேடையில் ஏற்றியது. கரண்டி இல்லாத கையில் மைக்கை எப்படிப் பிடிப்பது என்று அக்காவுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

"என் பேரு ஜஹானாரா. லைன் வீடு, மூணாவது. புது வாய்க்காலு எங்க வரிசைக்கும் வரணும்."

நகராட்சிப் பொறியாளர் எழுந்தார். "ஓனர் இடத்து ஓரமா போகணுங்க. அவர் சம்மதம் வேணும்."

மண்டபம் முழுவதும் ரெங்கராஜ் பக்கம் திரும்பியது. அவர் இடமும் வலமும் பார்த்தார்.

"தர்றேன்ப்பா. தரலைன்னா இவ விடுவாளா? அக்ரிமெண்ட்டும் தை மொத வாரத்துலயே போட்டுடலாம்மா. வாடகையப் பத்தி மட்டும் அந்த மைக்ல பேசிடாத!"

சிரிப்பு கூரையைத் தொட்டது. பானுப்ரியா மைக்குக்காகக் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

"இருங்க சேர்மனம்மா, பஸ் ஸ்டாப்லேருந்து வர்ற வழியில லைட்டு எரியல. நைட் ஷிப்ட் பொண்ணுங்க..." என்று அக்கா தொடர்ந்தார். அவருக்குப் பின்னால் பேசுவதற்காக ஆட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.