படவேட்டு ஏற்றத்துக்கு ஒரு ஜீப்

பழைய ஜீப் விற்கிறவன் நம்மைக் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னால் அவன் யோக்கியன். பத்து மணிக்கு வரச் சொன்னால், நாம் போவதற்குள் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பான். சூடான இன்ஜின் எந்தக் கிழவனையும் வாலிபனாகக் காட்டும். இது நானாகக் கண்டுபிடித்த விதி. களம்பூர்க்காரர் ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தார். அப்படியானால் இந்த ஆளிடம் இதைவிடப் பெரிய தில்லுமுல்லு ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஆரணியில் பஸ் ஏறினேன்.

என் புத்தி அப்படி. பத்து வருஷம் ஒரு பட்டுக்கடையில் சேலை பார்க்கிற வேலை செய்தவன் நான். நெய்து முடித்த சேலையைத் தறிக்காரர்கள் கொண்டுவந்து போடுவார்கள். நான் அதைப் பாயில் விரித்து, முதலில் மறுபக்கத்தைத்தான் திருப்புவேன். முகப்பு எல்லாச் சேலையிலும் சிரிக்கும். நெய்யும்போது அறுந்த இழையை ஊசியால் கோத்துச் சரிசெய்த இடம் பின்பக்கத்தில்தான் தெரியும். அப்படி ஒரு இடம் விரல் நகத்தளவு இருந்தாலும் அது ரிப்பேர் சேலை, தனியாகத் தூக்கி வைத்துவிடுவேன். யார் அழுதாலும் சரி. தெருவில் என்னைக் கண்டால் சிலர் துப்பாத குறைதான். துப்பட்டும், என் கண் பொய் சொல்லாது என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

எண்பதுகளில் மழை ஏய்த்த வருஷங்கள் சில வந்தன. ஊர் ஊராகக் கிணற்றை ஆழப்படுத்த ஆரம்பித்தார்கள். என் மனைவியின் தம்பி ஒரு கம்ப்ரஷர் வாங்கலாம் என்றான். கிணற்றுப் பாறையில் துளைபோடக் காற்றடித்துக் கொடுக்கிற இயந்திரம், டீசலில் ஓடுவது, இரண்டு சக்கரத்தில் நிற்கும். கடை வேலையை விட்டுவிட்டு அவனோடு கூட்டுச் சேர்ந்தேன். எங்களுக்கு வேலை வந்ததெல்லாம் படவேட்டுப் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில். அங்கே கம்ப்ரஷரை இழுத்துப் போக வாடகைக்கு டிராக்டர் பிடிப்போம்.

மச்சானுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்றம் வந்தால் அவன் கீழே குதித்து, கம்ப்ரஷருக்குப் பின்னால் கையில் ஒரு பெரிய கல்லோடு நடந்து வருவான். இழுக்கிற வண்டி திணறி நின்றால் உடனே சக்கரத்தடியில் கல்லைப் போடவேண்டும். இல்லாவிட்டால் அது பின்னால் உருண்டுவிடும். அந்த வேலையைக் கூலி ஆளிடம் கொடுக்கமாட்டான். ஒரு தடவை வாடகை டிராக்டரின் கொக்கி கழன்றுகொண்டது. கம்ப்ரஷர் அவன்மேல் வர, காரைமுள் புதரில் பாய்ந்து தப்பினான். உடம்பெல்லாம் முள் தைத்து வந்தவனைப் பார்த்து என் மனைவி அன்றைக்குச் சோறு வடிக்கவில்லை.

“இனிமே கண்டவன் வண்டியில கட்டாதீங்க. சொந்தமா ஒரு வண்டி வாங்குங்க. பாத்து வாங்குங்க. என் தம்பி உசுரு அந்தக் கொக்கியிலதான் கீது” என்றாள்.

“சேலை பாத்த கண்ணுடி இது” என்றேன்.

“அதுக்குத்தான் உங்ககிட்ட சொல்றேன். வேற யார நம்புவேன்?”

ஆகவே ஜீப். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். அந்தக் காலத்தில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது, கம்பெனிகள் கழித்தது என்று கைமாறிக்கொண்டே இருக்கும். துணைக்கு ஒரு மெக்கானிக்கைக் களம்பூருக்கு வரச் சொன்னேன். வேலூர் ரோட்டில் தகர ஷெட் போட்டிருந்தவர், எங்கள் கம்ப்ரஷரையும் அவர்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவேண்டும், எட்டு மணிக்குமேல் நேராக ஜீப் நிற்கிற மில்லுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் வருவதற்குள் நான் பாதிப் பரிசோதனையை முடித்துவிட்டேன்.

களம்பூர் அரிசி மில்லில் நெல் டிரெய்லர் இழுத்த ஜீப் அது. பார்க்க அசிங்கம். பச்சைப் பெயின்ட் சொறி பிடித்த மாதிரி இருந்தது. பானெட்டைத் தொட்டேன், பனியில் சில்லென்றிருந்தது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றிவிட்டதும் இரண்டு இருமலில் பிடித்துக்கொண்டது. நீலப்புகை வந்தால் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம், வரவில்லை. ரேடியேட்டர் தண்ணீரைத் தொட்டு மோந்தேன், எண்ணெய் வாசம் இல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். இன்ஜின் உடனே அணைந்தது. அணையாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கியர் பெட்டியில் சத்தம் கேட்காமலிருக்க மரத்தூள் போடுகிற மகானுபாவர்கள் உண்டு. ஆயிலை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். சுத்தம். சில பேர் டீசல் மிச்சம் பிடிக்க முன் சக்கரத்துக்குப் போகிற தண்டையே கழற்றி விற்றுவிட்டு, கியர் குச்சியை மட்டும் அலங்காரத்துக்கு விட்டுவைப்பார்கள். அதனால் மில்லுக்குப் பின்னால் தண்ணீர் கட்டிய வயலோரம் இறக்கும்படி மில் டிரைவரிடம் சொன்னேன். முன் சக்கரம் சேற்றை வாரி என் சட்டையில் அடித்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. எல்லாம் சரியாக இருந்தால் எப்படி? எங்கே ஒளித்து வைத்திருக்கிறான்?

மெக்கானிக் வெள்ளைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். கோணியை விரித்து அடியில் படுத்தார். மல்லாந்தபடியே, “அண்ணா, வண்டி நல்லாகீது. எடுத்துக்கலாம்” என்றார்.

அவ்வளவு ஜல்தியா? அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நானும் அடியில் புகுந்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன கெரசின் துணியால், கொக்கி மாட்டுகிற பின்பக்கக் குறுக்கு இரும்பைத் தேய்த்தேன். தாரும் மண்ணும் கரைந்து வந்தன. அடியில் வெல்டிங். ஒரு சாண் நீளத்துக்குத் தகடு வைத்து, இரண்டு பக்கச் சேஸ் சட்டம் வரைக்கும் இழுத்து ஒட்டியிருந்தது.

“இது இன்னாப்பா?”

“அதான் கொக்கிக்குப் பலம். ஜீப்ல வர குறுக்கு இரும்பு மெல்லிசு, டிரெய்லர் இழுத்தா கிழிஞ்சிடும். கிழியறதுக்கு முன்னாடியே கட்டியிருக்கான். நல்ல வேலை.”

“ரிப்பேரு வண்டியை என் தலையில கட்டறியா?”

“ரிப்பேரு வேற, இது வேற. சேலை மாரி பாக்காதீங்க அண்ணா, இது இரும்பு.”

மில் டிரைவரும் அதையே சொன்னான். ஒரே மாதிரி சொன்னார்கள். பிறகு இரண்டு பேரும் தள்ளிப்போய் டீ குடித்தார்கள், ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்கு அது போதும். கமிஷன்! ஆரணியில் மாடு வாங்கினாலும், மனை வாங்கினாலும், பெண் பார்த்தாலும் நடுவில் நிற்கிறவன் இரண்டு பக்கமும் கை நீட்டுவான் என்பது எனக்குத் தெரியாதா? வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பின்னாலேயே ஓடிவந்த மெக்கானிக், “காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளு” என்று முனகியது காதில் விழுந்தது. விழாத மாதிரி நடந்தேன்.

ஒரு மாதம் கழித்து வேலூருக்கு நானே தனியாகப் போய் ஒரு ஜீப் வாங்கினேன். ஒரு கான்ட்ராக்டர் மேற்பார்வைக்கு மட்டும் ஓட்டியது. அடியில் படுத்து, கெரசின் துணியால் முன்னும் பின்னும் தேய்த்தேன். ஓர் ஒட்டு இல்லை, ஒரு பொட்டு வெல்டிங் இல்லை. முகப்பும் மறுபக்கமும் ஒன்றுபோல இருந்த சேலை மாதிரி. கொக்கி மட்டும் இல்லை. அங்கேயே ஒரு பட்டறையில் நாலு போல்ட் போட்டு மாட்டிக்கொண்டு, நானே ஓட்டிவந்தேன். என் வாழ்க்கையில் அன்றைக்கு மாதிரி நான் கர்வப்பட்டதில்லை.

ஷெட் வழியாகத்தான் வந்தேன். வேண்டுமென்றேதான். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். வண்டியைக் குறை சொல்லவில்லை.

“சேஸ் நல்லாகீது. ஆனா இது எதையும் இழுத்த வண்டி இல்ல. அப்டியே கம்ப்ரஷரைக் கட்டாதீங்க. அரை நாள் விடுங்க, உள்ள தகடு வெச்சு ரெண்டு பக்கமும் கட்டித் தரேன்.”

வேலை தேடுகிறான் என்று நினைத்தேன். களம்பூரில் போன கமிஷனை இங்கே வெல்டிங் கூலியில் பிடிக்கப் பார்க்கிறான். பழுதில்லாத இரும்பில் நெருப்பு வைப்பதற்கா ஊர் ஊராக அலைந்து இதைத் தேடினேன்?

“உன் வேலையைப் பாரு” என்றேன்.

“கூலி வேணாம் அண்ணா. தகடு மட்டும் வாங்கியாங்க.”

கூலி வேண்டாம் என்றதும் சந்தேகம் இரண்டு மடங்கானது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சு நடந்தபோது ஷெட்டில் வேறு யாரும் இல்லை.

என் மனைவி வண்டிக்குச் சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். “மெக்கானிக்கு பாத்துட்டாரா?” என்று கேட்டாள். “பாத்துட்டான்” என்றேன். அது பொய்யும் இல்லை.

ஏழெட்டுக் கிணறுகளுக்குப் போய்வந்தோம். ஒன்றும் ஆகவில்லை. மச்சான் ஊரெல்லாம், “மாமா கண்ணுல வெளக்கெண்ண ஊத்திகினு வாங்கின வண்டி” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

படவேட்டைத் தாண்டி ஒரு ஓடை. மணலில் இறங்கி, எதிர்க்கரையில் செங்குத்தாக ஏறவேண்டும். நான் லோ கியரில் நாலு சக்கரத்தையும் போட்டு ஏற்றினேன். மச்சான் பின்னால் கல்லோடு வந்துகொண்டிருந்தான். “போட்டும் மாமா, போட்டும்!” என்று அவன் குரல் கேட்டது. கரையின் முக்கால்வாசியில் வண்டி முக்கியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். டப்பென்று ஒரு சத்தம். வண்டி திடீரென்று லேசாகி முன்னால் பாய்ந்தது. மேடு ஏறிவிட்டோம் என்று நினைத்தேன். ஐயோ, ஒரு நொடி நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

திரும்பிப் பார்த்தபோது கம்ப்ரஷர் ஓடையில் கவிழ்ந்து கிடந்தது. கொக்கி அதோடே போயிருந்தது, போல்ட் கழலவில்லை. குறுக்கு இரும்புதான் காகிதம் மாதிரி கிழிந்து அதோடு போயிருந்தது. மச்சான் ஓடவில்லை. கல்லைச் சக்கரத்தடியில் போட்டிருக்கிறான், அதைத் தாண்டி வந்துவிட்டது.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். தலையைத் தூக்கி என்னைக் கேட்டாள்.

“அந்த மெக்கானிக்கு பாத்தாருன்னீங்களே, இன்னா சொன்னாரு?”

இப்போது யோசித்தால் நூறு பதில் இருந்தது. தெரியவில்லை என்றிருக்கலாம். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் வாய் தயாராக இருந்தது.

“ஒண்ணும் ஆவாது, அப்டியே கட்டுங்கன்னான்.”

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் ஆரணிக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். நேராக ஷெட்டுக்குத்தான். வாசலில் நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரி ஷெட்டின்மேல் தூற்றினாள். “நீ நல்லா இருப்பியா? என் தம்பி கால வாங்கிட்டியே! உன் கையில உருப்படுமா ஒரு வண்டி?” ரோடே கூடிவிட்டது. மெக்கானிக் தலையில் மண்ணோடு நின்றார். அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் கீழே பார்த்தேன்.

அவர் அவளிடம் திரும்பி, “தம்பி கண்ணு முழிச்சுட்டாராம்மா?” என்று மட்டும் கேட்டார்.

என் மனைவி தறித்தெரு முழுக்க இந்தக் கதையைச் சொன்னாள். வண்டிகள் அந்த ஷெட்டுக்குப் போவது குறைந்தது. இரண்டு வருஷத்துக்குள் அவர் தகரத்தைப் பிரித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். மச்சான் கட்டைக்காலோடு மளிகைக்கடை வைத்தான். இன்றுவரைக்கும் என்னைப் பார்த்தால், “மாமா நீங்க பாத்துதான் வாங்குனீங்க, என் நேரம்” என்கிறான்.

என் மனைவி பால்காரனை நம்பமாட்டாள். தராசு முள்ளைப் பார்க்காமல் கால் கிலோ புளி வாங்கமாட்டாள். அன்றைக்கு வராந்தாவில் என்னைக் கேட்ட கேள்வியை மட்டும் இத்தனை வருஷத்தில் இரண்டாம் முறை அவள் கேட்டதேயில்லை. நான் எதை எழுதினாலும் முதலில் அவள்தான் படிப்பாள். இரண்டு நாளாக, “இன்னாத்த எழுதிகினு கீறீங்க, காட்டுங்க” என்கிறாள். இன்னும் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.