கொட்டை மட்டும் போட்ட குழம்பு

படப்பை தாண்டி ஒரகடம் போகிற ரோட்டில் ஒரு சந்துக்குள் மெஸ் வைத்திருக்கிறேன். போர்டு கிடையாது. என் வீடுதான் மெஸ். முன் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வாசலில் சேஃப்டி ஷூ குவிந்து கிடந்தால் சாப்பாடு ரெடி என்று தெருவுக்கே தெரியும்.

சாப்பிட வருகிறவர்கள் தெற்கத்திப் பையன்கள். தூத்துக்குடி, தென்காசி, ராமநாதபுரம். கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு ரூமில் ஐந்தாறு பேர் படுப்பார்கள். நான் இந்த ஊர்க்காரன். வேர்க்கடலை பயிர் செய்துகொண்டிருந்தோம். நிலம் கம்பெனிக்குப் போனது. கொஞ்ச காலம் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கினேன். என் சம்சாரம் இறந்த பிறகு மகளுக்குத் துணையாக வீட்டோடு இருக்கவேண்டி வந்தது. அதனால் மெஸ்.

எனக்குத் தெரிந்தது என் சம்சாரம் செய்த சமையல்தான். அவள் சாம்பார் வைத்தால் இறக்குகிற நேரத்தில் வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துப் போடுவாள். நானும் போட்டேன். பையன்களுக்கு ஆகவில்லை.

"என்ன அண்ணே இது, சாம்பாரா? கடலைமிட்டாயக் கரைச்சு ஊத்திட்டீங்களா?"

"துன்னுட்டுப் பேசுடா" என்பேன்.

மற்றதை எல்லாம் அவர்கள் கேட்டபடி மாற்றினேன். சாம்பாரை மட்டும் மாற்றவில்லை.

அவர்களில் தூத்துக்குடிப் பையன் ஒருத்தன். அதிகம் பேச மாட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சமையல்கட்டு வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பான். ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முகத்தைச் சுளித்தான்.

"இன்னாடா?" என்றேன்.

"எங்க அம்மா இப்படி வைக்க மாட்டாங்க அண்ணே."

"எப்டி வெப்பாங்க?"

சொன்னான். ஒரே நாளில் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒன்றாகச் சொன்னான். முதலில் தேங்காய். சீரகமும் சின்ன வெங்காயமும் சேர்த்து மை போல அரைக்க வேண்டும். அப்புறம் கருவாடு. நெத்திலி கூடாது, சாளைதான். மூன்றாவதாக மாங்காய்.

"மாங்காய்ல சதையப் போடக் கூடாது அண்ணே. கொட்டை மட்டும்தான்."

"ஏன்?"

"சதையப் போட்டா குழம்பு கெட்டுப் போகும். அம்மா சொல்லுவாங்க."

நான் ஏன் என்று மேலே கேட்கவில்லை. அவர்கள் பக்கத்துப் பழக்கம் என்று நினைத்தேன். வேர்க்கடலையை ஏன் போடுகிறாய் என்று என் சம்சாரத்தையும் கேட்டதில்லை. மாங்காயின் சதையைச் சுற்றிச் சீவி எடுத்து ஊறுகாய்க்கு ஜாடியில் போட்டேன். ஒட்டியிருக்கிற கொஞ்சம் நாரோடு கொட்டையைக் குழம்பில் போட்டேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. சீக்கிரத்தில் கொட்டைக்கு அடிதடி வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று என்று சட்டம் போட்டேன்.

அந்தப் பையன் சாப்பிட்டு முடிக்க நேரம் ஆகும். எல்லோரும் எழுந்து கை கழுவிப் போன பிறகும் கொட்டையைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"இன்னாடா, கொட்டை மேல எதுனா எழுதிகீதா?" என்று கேட்டேன்.

"சின்னதுல நானும் தங்கச்சியும் பந்தயம் வைப்போம் அண்ணே. யாரு கொட்டையில கடைசி வரைக்கும் ருசி இருக்கோ அவங்க ஜெயிச்சாங்க."

"யாரு ஜெயிப்பீங்க?"

"அவதான். பல்லு படாம வச்சிருப்பா."

பிறகு ஒரு நாள் அவன் என்னை அண்ணே என்று கூப்பிடுவதை விட்டான். சார் என்றான். மெஸ்காரனைச் சார் என்று கூப்பிட்டவன் அந்த ரோட்டிலேயே அவன் ஒருத்தன்தான். கூட இருந்த பையன்கள் பாயில் விழுந்து சிரித்தார்கள்.

"சாருக்கு மோர் ஊத்துங்க சார்."

"சார், அப்பளம் சார்."

எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் அண்ணன் என்றால் என் மகள் அவனுக்கு மகள் முறை. அதை அவன் யோசித்திருக்கிறான்.

மகள்தான் என்னிடம் சொன்னாள். செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"பா, அவுரு அம்மா சரின்னு சொன்னா பண்ணிக்கிறேன். சொல்லலன்னா வோணாம். ஓடிலாம் போ மாட்டேன்."

"அவுங்க வோணாம்னுட்டா வேற எடம் பாக்கட்டா?"

"அதுவும் வோணாம்."

அதோடு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த அம்மா வேண்டாம் என்றால் இவள் கடைசி வரை தனியாகத்தான் இருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. பையனும் அதேதான் சொன்னான். அம்மாவை மீற மாட்டானாம்.

எங்கள் ஆட்கள் வேறு. அவர்கள் ஆட்கள் வேறு. அதை இரண்டு பக்கமும் யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததால் இல்லை என்று ஆகிவிடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். அம்மாவும் தாய்மாமனும். பெண் பார்க்க வந்த இடத்தில் பேச்சு முடியாமல் சோறு சாப்பிட மாட்டார்கள். கேசரி, பஜ்ஜி, காபி இதெல்லாம் வேறு. சோறு வேறு. சோற்றில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் பக்கமும் அப்படித்தான், அவர்கள் பக்கமும் அப்படித்தான். அதனால் கேசரியைக் காலையிலேயே கிளறி வைத்தேன். வாழைக்காய் வாங்கி வைத்தேன்.

மெஸ்ஸை மூட முடியவில்லை. அன்றைக்குக் கம்பெனியில் ஓவர்டைம் இருந்தது. மதியம் பையன்கள் வருவார்கள். ஞாயிறு என்றால் கருவாட்டுக் குழம்புதான். மதியச் சாப்பாட்டை முடித்து, வீட்டைக் கழுவி, ஊதுவத்தி கொளுத்திவிட்டால் வாசனை போய்விடும் என்று நினைத்தேன்.

அவர்கள் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் பேசி முடித்துக் கிளம்பிவிட வேண்டும் என்று மாமன் நினைத்திருக்கிறார். குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"பா, வூடே நாறுது" என்றாள் மகள்.

ஓடிப்போய் ஊதுவத்தி கொளுத்தினாள். கருவாடும் மல்லிகை ஊதுவத்தியும் சேர்ந்து இன்னும் மோசமாகப் போனது.

மாமன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை. கைக்குட்டையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த அம்மா சுவர் ஓரமாகப் பாயில் உட்கார்ந்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர் என்று பையன் சொல்லியிருந்தான். பாதம் வெடித்து வெள்ளையாக இருந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டு கதவோரம் நின்றான்.

"காபி சாப்பிடுங்க" என்றேன்.

"இப்பதான் வழியில குடிச்சோம்" என்றார் மாமன்.

"தண்ணியாவது குடிங்க."

"பாட்டில் கையில இருக்கு."

தண்ணீரும் வேண்டாம் என்கிறார்கள். முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மகள் கேசரித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். யாரும் தொடவில்லை.

அந்த அம்மா தலையைத் தூக்கினார்.

"உள்ள கருவாடா அண்ணாச்சி?"

"மெஸ் பசங்களுக்கும்மா. நாலு மணின்னு சொன்னீங்க, அதுக்குள்ள முட்ச்சிடலாம்னு பார்த்தேன்."

"பொண்ணு பாக்க வந்த இடத்துல நல்ல வாசம்தான்" என்றார் மாமன்.

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. "சாளையா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாம்மா."

எழுந்தார்.

"எங்க போற?" என்றார் மாமன்.

"அடுப்பப் பாத்துட்டு வாரேன்."

சமையல்கட்டுக்கு வந்தார். நானும் பின்னால் போனேன். மகள் ஒதுங்கி நின்றாள். அந்த அம்மா கரண்டியை எடுத்துக் குழம்பை ஒரு தரம் கிண்டினார். ஒரு கொட்டை மேலே வந்தது. இன்னொன்று வந்தது. அடி வரைக்கும் துழாவிப் பார்த்தார்.

"மாங்காய் எங்க அண்ணாச்சி? வெறும் கொட்டையால்ல கெடக்கு."

ஊறுகாய் ஜாடியைக் காட்டினேன். "சதை இதுல கீது."

"ஏன் குழம்புல போடல?"

"உங்க பையன் சொன்னதுதாம்மா. சதையப் போட்டா கொழம்பு கெட்டுடும்னு நீங்க சொல்லுவீங்களாமே. அன்னிலேர்ந்து கொட்டை மட்டும்தான் போட்டுகினு வரேன்."

கரண்டியை வைத்தார். அடுப்பைக் குறைத்தார். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். மகள் என்னைப் பார்த்தாள்.

"அது பொய் அண்ணாச்சி" என்றார்.

குழம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இவங்க அப்பா செத்துப் போன வருசம். காலையில உப்பளம். அது முடிஞ்சி ஒரு ஊறுகாய்க் கடையில மாங்காய் சீவப் போவேன். சதையெல்லாம் அவங்களுக்கு. கொட்டைய எங்களுக்குக் குடுப்பாங்க, ஆளுக்கு ஒரு பை. அதத்தான் குழம்புல போடுவேன். பிள்ளைங்க சதை வேணும்னு அழும். நான் எங்க போவேன்? சதையப் போட்டா குழம்பு கெட்டுப் போகும்னு சொல்லி வச்சேன். அதோட கேக்குறத விட்டுட்டாங்க."

"அவன் இன்னும் நம்பிகினுதான் கீறான்" என்றேன்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"கருவாடும் இப்படி அள்ளிப் போட்டதில்ல. ஒண்ணு கெடக்கும், ரெண்டு கெடக்கும்."

"இங்க கொட்டைக்கு சண்டை போடுவானுங்கம்மா."

"துட்டு குடுத்துக் கொட்டையத் திங்காங்களா?"

"ஆமாம்மா."

மறுபடி சிரித்தார். பக்கத்தில் மூடி வைத்திருந்த சாம்பார் குண்டானைத் திறந்து பார்த்தார். "இது என்ன, மேல கடலைப்பொடி?"

"என் சம்சாரம் அப்டி வெப்பா."

"இங்க யாருக்குப் பிடிக்கும்?"

"யாருக்கும் புடிக்காது. வெக்கிறேன்."

தலையை ஆட்டினார். மூடியைப் பழையபடி மூடினார். பிறகு மகளைப் பார்த்தார். ஹாலில் பார்த்ததை விட நேரம் எடுத்துப் பார்த்தார்.

"நீ அந்தச் சாம்பாரத் திம்பியா?"

"அம்மா வெச்சது. துன்னுவேன்" என்றாள் மகள்.

ஹாலிலிருந்து மாமன் குரல் கொடுத்தார். "நேரம் ஆகுதும்மா. கிளம்புவோம்."

அந்த அம்மா ஸ்டாண்டிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். குழாயில் அலசினார். என் முன்னால் நீட்டினார்.

"சோறு வைங்க அண்ணாச்சி."

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். "உங்க அண்ணன் வெளிய..." என்றேன்.

"வைங்க."

வைத்தேன். குழம்பையும் ஊற்றினேன். கொட்டை ஒன்று விழுந்தது. அவர் தட்டை அங்கேயே வைத்துச் சாப்பிடவில்லை. ஹாலுக்கு எடுத்துப் போய் அண்ணன் கண் முன்னாலேயே பாயில் உட்கார்ந்தார். பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

மாமன் எழுந்துவிட்டார். "என்ன இது? இன்னும் ஒண்ணும் பேசலியே. கை நனைச்சிட்ட?"

"நனைச்சாச்சு. நீங்களும் கை கழுவிட்டு வாங்க."

"நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவ?"

"பசிச்சிது, தின்னேன்னு சொல்லுவேன்."

மாமன் வாசலைப் பார்த்தார். அந்த நேரத்துக்கு ஓ.டி. முடிந்த பையன்கள் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தட்டைத் தேடினார்கள். மாமனுக்குப் போக வழி இல்லை. வாசல் நிறைய ஷூ. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அவருக்கும் ஒரு கொட்டை வைத்தேன்.

அந்த அம்மா மகனைக் கூப்பிட்டார். "ஏல, இங்க வா. சதையப் போட்டாலும் குழம்பு கெடாது. நான் அன்னைக்கு சும்மா சொன்னேன்."

அவன் நம்பவில்லை. "நீ பேசாம சாப்பிடும்மா. சதையப் போட்டா கெட்டுத்தான் போகும்" என்றான்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். இன்னொரு வாய் பிசைந்து சாப்பிட்டார். கொட்டையைத் தட்டின் ஓரமாகத் தள்ளி வைத்தார். கடைசியில் சப்புவதற்கு என்று தெரிந்தது.

"உப்பு கொஞ்சம் கூடிப் போச்சு, சம்பந்தி" என்றார்.

மகள் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் உள்ளே போய்க் கேசரியைச் சூடு பண்ண ஆரம்பித்தாள்.

மணிமங்கலம் கோவிலில் கல்யாணம் நடந்தது. இப்போது அவர்கள் படப்பையிலேயே வீடு பிடித்து இருக்கிறார்கள். மகள் வேர்க்கடலைச் சாம்பார் வைக்கிறாள். மருமகன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறான்.

உப்பு அன்றைக்குக் கூடுதல்தான். கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது. பதற்றத்தில் இரண்டு தரம் போட்டிருப்பேன். அதற்கு அப்புறம் பார்த்துப் போடுகிறேன். சதை மட்டும் இன்னும் போடுவதில்லை.