லாடத்தோடு அளந்த குதிரை

பந்தயக் குதிரையின் உயரத்தை லாடம் கழற்றிய பிறகே அளக்க வேண்டும் என்பது விதி. இன்று செஞ்சி கடைத்தெருவில் கல்யாணக் குதிரையின் லாடச் சத்தம் கேட்டதும் சிறுவயதுக் கோபம் அப்படியே ஏறியது.

எங்கள் இளங்குதிரை வண்டியோடு கோட்டை வரை ஓடித் திரும்பியும் மூச்சிரைக்காது. "சின்னக் குதிரை பந்தயத்துல இத எவனும் முந்த முடியாது" என்பார் நைனா, என் அப்பா.

பந்தயக் கமிட்டிக்காரர் லாடத்தோடு அளந்தார். சின்னக் குதிரைக்கான உயரத்தை அரை விரல் அகலம் தாண்டுகிறது என்று பெரிய குதிரைப் பந்தயத்தில் சேர்த்துவிட்டார்.

"கழட்டிட்டு அளங்க சார், ஒரு விரக்கடை கொறையும்" என்றார் நைனா.

"செருப்பு போட்டுக்கினுதானய்யா ஓடப்போவுது?"

கூட்டம் சிரித்தது. நைனா அங்கேயே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். அது பரிசீலனையில் இருக்கிறதாம். விலகினால் இனிமேல் சேர்க்க மாட்டார்களாம். பெரிய குதிரைகளோடு ஓடவிட்டோம். முதல் வளைவிலேயே அவை இடித்துத் தள்ளின. முன்னங்கால் முறிந்து, இரண்டு நாளில் செத்தது.

'லாடம் கழற்றி மறுபடி அளக்க, குதிரையை நேரில் கொண்டுவரவும்' என்று கமிட்டி பதில் எழுதியது. பந்தயம் நடந்தது காணும் பொங்கலன்று. பதில் வந்தது ஆடி அமாவாசையன்று.