கட்டுக்குள் செருகிய கார்டு

எழுபதுகளின் கடைசியில், திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் கார்டுகளில் துளை போடுவது என் வேலை. ஒரு புரோகிராம் என்றால் ஒரு பெட்டி நிறைய கார்டு. வரிசை குலைந்தால் தெரிவதற்காகக் கட்டின் மேல்விளிம்பில் குறுக்காகப் பேனாக்கோடு இழுப்போம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வேறு நிற மை. எது பழசு, எது புதுசு என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அடிக்கடி மாறுகிற எண்களைக் கட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தினக்கூலி ஆள் வருஷத்தில் எத்தனை நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்பது மாதிரி எண்களுக்குத் தனிக் கார்டு. அது மேஜை டிராயரில் இருக்கும், ஓட்டும்போதுதான் சேர்ப்போம். எங்கள் கம்பெனிக்கு எண்ணூரில் இருந்த இன்னொரு ஆலைக்கு, நிரந்தரப் பட்டியல் போடும் புரோகிராமைப் படியெடுத்து அனுப்பினோம். தனிக் கார்டைக் காணோம் என்று அங்கிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. எனக்கு எரிச்சல். மூன்றாம் முறை கார்டைக் கட்டுக்குள்ளேயே செருகி, பச்சைக் கோடு இழுத்து, ரப்பர் பேண்டு போட்டு அனுப்பினேன். இனிமேல் தொலைக்கட்டும் பார்க்கலாம் என்று பீற்றிக்கொண்டேன்.

எரிச்சலில் கவனிக்காமல் செருகியது, நான் சோதனைக்குப் போட்ட கார்டு. இருநூற்று நாற்பது நாள் இருக்க வேண்டிய இடத்தில் முந்நூறு. சோதனையில் பட்டியல் நீளாமல் இருப்பதற்காகப் போட்டது. தனியாக இருந்திருந்தால் ஓட்டுகிறவர் கண்ணில் பட்டிருக்கும். கட்டுக்குள் போனதை யார் பார்ப்பார்கள்?

என் அக்கா புருஷன் எண்ணூர் ஆலையில்தான் தினக்கூலி. கல்மண்டபத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். நிரந்தரப் பட்டியலில் மாமா பெயர் வரவில்லை. வராதவர்களை அந்த மாசத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு குடும்பமும் என் ஒரு சம்பளத்தில் ஓடியது.

வேறொரு திருத்தத்துக்காகக் கட்டு திரும்பி வந்தபோதுதான் அந்தக் கார்டைப் பார்த்தேன். ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னேன். அந்தப் பட்டியலில் யூனியன் வரை கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இப்போது கிளறினால் முதலில் உன் வேலைதான் போகும் என்றார். சரியான கார்டைப் போட்டுவிட்டுப் பழையதைக் கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். நான் அப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மாமா காலண்டரோடு கீழே இறங்கி வந்தார். வேலைக்குப் போன நாளையெல்லாம் பென்சிலால் சுழித்து வைத்திருந்தார். மொத்தம் இருநூற்று அறுபத்தெட்டு.

"மிஷினு தப்பா எண்ணாதுன்றாங்க. நான் மூணு வாட்டி எண்ணிப் பாத்துட்டேன். நீ அங்கதான கீற, சொல்லும்மா. யாரு எண்ணுனது தப்பு?"

"நீதான் மாமா தப்பா சுழிச்சிக்கீற" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். லீவு நாளையும் சேர்த்துச் சுழித்துவிட்டேன் போலிருக்கிறது, வீணாக உன்னை நம்பவைத்துவிட்டேன் என்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். கீழே எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.